தாத்தாவின் கைக்கடிகாரம்: விற்பதற்கு முன், துடைப்பதற்கு முன்

தோட்டங்களில் பெரட்டு நடந்த காலத்தில் கைக்கடிகாரம் எல்லார் கையிலும் இருந்ததில்லை. விடியுமுன் அடிக்கும் மணிதான் பால்வெட்டுத் தொழிலாளிக்கு நேரம் சொன்னது. கடிகாரம் கட்டியவர்கள் பெரும்பாலும் கிராணி, தமிழ்ப்பள்ளி ஆசிரியர், ரயில்வே ஊழியர், லாரி ஓட்டுநர் போன்றவர்கள். மற்றவர்கள் கூட்டு கட்டியோ, தீபாவளி போனஸைச் சேர்த்து வைத்தோ ஒன்று வாங்கினார்கள். கல்யாணத்தில் மாப்பிள்ளைக்குப் போட்ட கடிகாரமும் உண்டு. நீண்ட காலச் சேவைக்காக நிர்வாகம் பெயர் பொறித்துக் கொடுத்த கடிகாரமும் உண்டு.

அந்தக் கடிகாரங்கள் இன்று மைலோ டின்னிலும் அலமாரி இழுப்பறையிலும் கிடக்கின்றன. பெரியவர் மறைந்து, கருமக்கிரியை முடிந்து, பொருள்களைப் பிரித்துப் பார்க்கும் நாளில் அவை வெளியே வருகின்றன. உடனே மூன்று கேள்விகள் எழும். இது அசல்தானா? எவ்வளவு பெறும்? யாருக்குப் போக வேண்டும்?

இந்த மூன்றுக்கும் பதில் தெரியுமுன்பே சில குடும்பங்கள் அவசரப்பட்டு விடுகின்றன. ஒருவர் கடையில் கொடுத்துப் பளபளப்பாக்குகிறார். இன்னொருவர் மங்கிய முகப்புக்குப் புது வண்ணம் பூசச் சொல்கிறார். மற்றொருவர் தங்கம் என்று நம்பி எடைக்குப் போடுகிறார். பழைய கடிகாரத்தில் பெரிய நட்டம் இப்படித்தான் ஏற்படுகிறது. கெட்ட பேரத்தில் இழப்பதைவிட, பேரத்துக்கு முந்திய வாரத்தில் இழப்பதே அதிகம். பேரத்தில் விட்டதை அடுத்த பேரத்தில் பிடிக்கலாம். தேய்த்து எடுத்த உலோகத்தையும் சுரண்டி எடுத்த எழுத்தையும் திரும்பப் பெற முடியாது.

முதலில் செய்யக் கூடாதவை

பழைய கடிகாரம் வாங்கிச் சேர்ப்பவர்கள் பணம் கொடுப்பது ஒரே ஒரு தன்மைக்கு. அது தொழிற்சாலையிலிருந்து வந்தபடி, பிறர் கைபடாமல் இருக்க வேண்டும். வயதால் வந்த மங்கலை அவர்கள் பொறுத்துக்கொள்வார்கள். மனிதர் செய்த மாற்றத்தைப் பொறுப்பதில்லை.

ஆகவே, கூட்டைத் தேய்த்துப் பளபளப்பாக்கக் கூடாது. ஒவ்வொரு முறை தேய்க்கும்போதும் உலோகம் கொஞ்சம் போகும். கூர்மையாக இருந்த விளிம்புகள் மழுங்கும். பின்மூடியில் உள்ள எண்களும் முத்திரைகளும் அழியும். மெல்லிய உலர்ந்த துணியால் தூசியைத் துடைத்தால் போதும்.

முகப்புக்கு மறு வண்ணம் பூசக் கூடாது. நம் நாட்டுப் புழுக்கத்தில் ஐம்பது ஆண்டு கிடந்த முகப்பில் புள்ளிகள் விழுவது இயல்பு. கறுப்பு முகப்பு பழுப்பாக மாறியிருக்கலாம். சில மாடல்களில் அந்தப் பழுப்புக்கே தனி விலை உண்டு. மறு வண்ணம் பூசிய முகப்பு கண்ணுக்கு அழகாக இருக்கும், விலையோ பெரும்பாலும் இறங்கிவிடும்.

நின்றுபோன கடிகாரத்துக்குச் சாவி கொடுத்து ஓட்டிப் பார்ப்பதும் நல்லதன்று. உள்ளே விட்ட எண்ணெய் பல ஆண்டுகளில் காய்ந்து பிசினாகியிருக்கும். அந்த நிலையில் ஓடவிட்டால் உலோகத்தோடு உலோகம் உராய்ந்து சிறு அச்சுகள் தேயும். ஓடுகிறதா என்று அறிய இரண்டு மூன்று சுற்று மெதுவாகக் கொடுத்துப் பார்க்கலாம். அதற்கு மேல் வேண்டாம்.

‘வாட்டர் புரூஃப்’ என்று எழுதியிருப்பதை நம்பித் தண்ணீரில் நனைக்கக் கூடாது. நீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையம் எப்போதோ இறுகி வெடித்திருக்கும்.

கத்தி முனையால் பின்மூடியை நெம்பித் திறப்பதும் ஆபத்து. மூடியில் கீறல் விழும் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் உடல்நலம். 1960களின் தொடக்கம் வரை, இருட்டில் ஒளிர்வதற்காக எண்களிலும் முட்களிலும் ரேடியம் கலந்த வண்ணம் பூசுவது வழக்கம். அந்த ஒளி இன்று மங்கியிருக்கும். ஆனால் ரேடியத்தின் கதிர்வீச்சு பாதியாகக் குறையவே ஏறக்குறைய 1,600 ஆண்டுகள் ஆகும். மூடிய கடிகாரத்தை அலமாரியில் வைத்திருப்பதற்குப் பயப்பட வேண்டியதில்லை. உதிரும் பொடியைச் சுரண்டுவதும் ஊதுவதும்தான் கெடுதல். திறக்கும் வேலையைத் தொழில் தெரிந்தவரிடம் விட்டுவிட வேண்டும்.

கடைசியாக, பழைய வார், பெட்டி, ரசீது, உத்தரவாத அட்டை எதையும் குப்பையில் போடக் கூடாது. கிழிந்த காகிதம்தான் சில நேரங்களில் கடிகாரத்துக்குச் சாட்சி.

நான்கு இடங்களில் எழுதியிருப்பது

கடிகாரம் தன்னைப் பற்றிய செய்தியை நான்கு இடங்களில் வைத்திருக்கிறது. முகப்பு, சாவி கொடுக்கும் குமிழ், கூடு, உள்ளே உள்ள இயந்திரம். நான்கும் ஒரே கதையைச் சொன்னால் நம்பலாம். ஒன்று மாறிப் பேசினால் நின்று விசாரிக்க வேண்டும்.

முகப்பில் உருப்பெருக்கியால் பார்க்க வேண்டியது எழுத்து. நல்ல நிறுவனத்தின் எழுத்து மெலிந்து, கூர்மையாக, ஒரே சீராக இருக்கும். மை பரவியிருந்தாலும், எழுத்துகளின் இடைவெளி தாறுமாறாக இருந்தாலும், எழுத்துப் பிழை இருந்தாலும் அது போலியாகவோ மறு வண்ணம் பூசியதாகவோ இருக்கலாம். கீழே 6 மணி எண்ணுக்கு அடியில் ‘ஸ்விஸ் மேட்’ என்ற சொற்களின் இரு பக்கமும் ‘டி’ என்ற ஆங்கில எழுத்து இருந்தால், ரேடியத்துக்குப் பிறகு வந்த டிரிட்டியம் வண்ணம் பூசியது என்று பொருள். அப்படியானால் அந்த முகப்பு 1960களுக்கு முந்தியதாக இருக்க வாய்ப்பில்லை. தாத்தா 1952ல் வாங்கியது என்று குடும்பத்தில் சொல்லும் கடிகாரத்தில் இந்த எழுத்து இருந்தால், இடையில் முகப்பு மாற்றப்பட்டிருக்கலாம். ஆண்டு தவறி நினைவில் தங்கியிருக்கவும் கூடும்.

குமிழில் பல நிறுவனங்கள் தங்கள் சின்னத்தைப் பொறிக்கும். ஆனால் குமிழ் தேயும் பொருள், பழுதுபார்க்கும்போது அடிக்கடி மாற்றப்படும் பொருள். அது மாறியிருப்பதால் மட்டும் கடிகாரம் போலி ஆகிவிடாது.

கூட்டின் பின்மூடியிலும், மூடியின் உட்புறத்திலும், வாரைப் பிடிக்கும் காதுகளுக்கு இடையிலும் மாடல் எண், வரிசை எண், உலோக முத்திரை ஆகியவை இருக்கும்.

இயந்திரம்தான் முக்கியச் சாட்சி. முகப்பை அச்சடிப்பது எளிது, இயந்திரத்தைப் போலியாகச் செய்வது கடினம். அதில் நிறுவனத்தின் பெயரும் இயந்திர எண்ணும் எத்தனை கல் என்பதும் பொறித்திருக்கும். ‘17 ஜுவல்ஸ்’, ‘21 ஜுவல்ஸ்’ என்பதைப் பார்த்து உள்ளே விலையுயர்ந்த மாணிக்கம் இருப்பதாகச் சிலர் நினைப்பதுண்டு. அவை உராய்வைக் குறைக்க வைத்த செயற்கைக் கற்கள். நகைக்கடையில் அவற்றுக்கு விலை இல்லை.

பட்டணத்தில் ஐந்தடியில் ஒரு மேசையும் கண்ணில் மாட்டும் பூதக்கண்ணாடியுமாக உட்கார்ந்திருக்கும் பழைய கடிகாரத் தொழிலாளிகள் இன்னமும் சில ஊர்களில் இருக்கிறார்கள். அப்படி ஒருவரிடம் எதிரில் நின்று திறக்கச் சொல்லி, இயந்திரத்தையும் மூடியின் உட்புறத்தையும் கைப்பேசியில் தெளிவாகப் படம் எடுத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. கடிகாரத்தைக் கடையில் விட்டுவிட்டு வர வேண்டிய தேவை இந்தக் கட்டத்தில் இல்லை.

பெயருக்கு ஏற்ற சோதனை

ஒவ்வொரு நிறுவனமும் ஒரு வழக்கம் வைத்திருந்தது. இங்கே வீடுகளில் கிடைக்கும் சில பெயர்களுக்கு அந்த வழக்கம் தெரிந்தால் உதவும்.

ஒமேகாவில் வரிசை எண் பழைய மாடல்களில் இயந்திரத்தின் மேல் இருக்கும். எண்ணைக் கொண்டு ஆண்டைத் தோராயமாகக் கணிக்கலாம். 11 மில்லியன் தொடங்கும் எண் சுமார் 1947, 14 மில்லியன் சுமார் 1954, 20 மில்லியன் சுமார் 1963. அக்காலத்து ஒமேகா இயந்திரம் செம்பு கலந்த பொன்னிறத்தில் இருக்கும். ‘சீமாஸ்டர்’ வரிசை 1948லும் ‘கான்ஸ்டலேஷன்’ 1952லும் வந்தன. 1940களின் எண் உள்ள இயந்திரத்தின் மேல் கான்ஸ்டலேஷன் முகப்பு இருந்தால், இரண்டும் ஒன்றாகப் பிறந்தவை அல்ல.

ரோலெக்ஸில் பழைய ஆய்ஸ்டர் மாடல்களின் எண்கள் கூட்டின் காதுகளுக்கு இடையே, வாரைக் கழற்றினால்தான் தெரியும். 12 மணிப் பக்கம் மாடல் எண், 6 மணிப் பக்கம் வரிசை எண். பின்மூடி வெறும் உலோகமாக இருக்கும். உள்ளே இயந்திரம் தெரியும்படி கண்ணாடி வைத்த பின்மூடியோடு ‘பழைய ரோலெக்ஸ்’ என்று ஒன்று வந்தால் சந்தேகிக்க வேண்டும்.

டியூடரைப் பற்றிய குழப்பம் அதிகம். அது ரோலெக்ஸை நிறுவிய ஹான்ஸ் வில்ஸ்டோர்ஃப் தொடங்கியது. பல பத்தாண்டுகள் டியூடர் கடிகாரங்களுக்கு ரோலெக்ஸ் செய்த கூடும் குமிழும் பயன்படுத்தப்பட்டன. பின்மூடியிலேயே ரோலெக்ஸ் பெயர் இருக்கும். அதைக் கண்டு ரோலெக்ஸ் என்று மகிழ்வதும் தவறு. முகப்பில் வேறு பெயர் இருப்பதைக் கண்டு போலி என்று வீசுவதும் தவறு. முகப்பில் ரோஜாப்பூவோ கேடயமோ இருக்கும் நல்ல டியூடருக்கு இன்று சேகரிப்பாளரிடம் தனி மரியாதை.

சீக்கோவில் பின்மூடியிலேயே எல்லாம் இருக்கும். கோடு போட்டுப் பிரித்த மாடல் எண்ணின் முதல் நான்கு இலக்கம் இயந்திரத்தின் எண். மூடியைத் திறக்கும்போது அதே எண் உள்ளேயும் இருக்க வேண்டும். வரிசை எண்ணின் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கத்தையும், இரண்டாவது மாதத்தையும் சொல்லும். 7, 3 என்று தொடங்கினால் 7ல் முடியும் ஓர் ஆண்டின் மார்ச் மாதம். அது 1967ஆ 1977ஆ என்பதை அந்த இயந்திரம் எப்போது தயாரிக்கப்பட்டது என்று பார்த்து முடிவு செய்யலாம். 1963ல் தொடங்கிய ‘சீக்கோ 5’ வரிசை உழைக்கும் மக்களின் கடிகாரம். விலை குறைவாகவும் உழைப்பு அதிகமாகவும் இருந்ததால் ஏராளமாக விற்றது. ஏராளமாக இருப்பதாலேயே சாதாரண மாடல்களுக்குப் பெரிய விலை எதிர்பார்க்க முடியாது.

சீனர்கள் விரும்பி அணிந்த பிளம் பூச் சின்னம் கொண்ட டிட்டோனி, ஸ்விட்சர்லாந்தின் கிரென்சன் நகரில் 1919ல் தொடங்கிய குடும்ப நிறுவனத்தின் கடிகாரம். ஊருக்குப் போய்வந்த உறவினர் கையில் வந்த எச்.எம்.டி, ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியோடு 1961 முதல் பெங்களூரில் தயாரானது. ‘ஜனதா’, ‘பைலட்’ ஆகியவை அதன் புகழ்பெற்ற மாடல்கள். அந்த நிறுவனத்தின் கடிகாரப் பிரிவு 2016ல் மூடப்பட்ட பிறகு அவற்றைத் தேடுபவர்கள் கூடினார்கள்.

லாஞ்சீன்ஸ் போன்ற சில நிறுவனங்கள் பழைய வரிசை எண் பேரேடுகளை இன்னமும் பாதுகாக்கின்றன. எண்ணையும் படங்களையும் அனுப்பிக் கேட்டால், அந்தக் கடிகாரம் எப்போது, எந்த நாட்டு முகவருக்கு அனுப்பப்பட்டது என்ற விவரம் கிடைக்க வாய்ப்புண்டு.

போலி என்றால் ஒரே வகை இல்லை

‘அசலா, போலியா’ என்ற கேள்விக்கு இரண்டே பதில்தான் என்று பலர் நினைக்கிறார்கள். இடையில் பல படிகள் உண்டு.

முழுதும் அசலாக இருப்பது முதல் படி. அசல்தான், ஆனால் கண்ணாடி, குமிழ், முட்கள் போன்றவை பழுதுபார்ப்பில் மாறியிருப்பது இரண்டாவது. இந்த வகைதான் வீடுகளில் அதிகம், அதில் குற்றம் எதுவும் இல்லை. அசல் இயந்திரமும் கூடும் இருக்க, முகப்புக்கு மறு வண்ணம் பூசியது மூன்றாவது. இரண்டு மூன்று கடிகாரங்களின் உறுப்புகளைச் சேர்த்து ஒன்றாக்கியது நான்காவது. முழுப் போலி கடைசிப் படி.

நான்காவது வகை இந்தியப் பயணம் போய்வருபவர்கள் கையில் அடிக்கடி வருகிறது. பழைய சீக்கோ, எச்.எம்.டி போன்றவற்றின் இயந்திரத்தை எடுத்து, சிவப்பு, பச்சை, நீலம் என்று பளிச்சிடும் புது முகப்பு பூசி விற்கும் தொழில் அங்கே பெரிதாக நடக்கிறது. சேகரிப்பாளர்கள் அதற்கு ‘மும்பை ஸ்பெஷல்’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். ஓடும், கையில் கட்டலாம். பழம்பொருள் என்ற மதிப்பு மட்டும் அதற்கு இல்லை.

முழுப் போலியும் இன்று நேற்று வந்ததன்று. பெரிய பெயர்களின் போலிகள் அரை நூற்றாண்டுக்கு முன்பே சந்தையில் இருந்தன. தாத்தா நல்ல நம்பிக்கையோடு காசு கொடுத்து வாங்கியது போலியாக இருக்கக் கூடும். சில அடையாளங்கள் உடனே தெரிந்துவிடும். 1950களின் கடிகாரம் என்று சொல்லப்படுவது, பேட்டரியில் இயங்கி விநாடி முள் துள்ளித் துள்ளி நகர்ந்தால் காலக்கணக்கு உதைக்கிறது. உலகின் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை சீக்கோ விற்பனைக்கு விட்டதே 1969 டிசம்பரில்தான்.

போலி என்று தெரிந்தால் குடும்பத்தில் ஒரு சங்கடம் வரும். பெரியவரைக் குறைத்துப் பேசத் தோன்றும். அவர் யாரையும் ஏமாற்றவில்லை, அவர்தான் ஏமாற்றப்பட்டிருக்கிறார். அதை அசல் என்று சொல்லி அடுத்தவரிடம் விற்காமல் இருப்பதுதான் பிள்ளைகள் காக்க வேண்டிய மானம்.

தங்கமா, முலாமா?

மஞ்சளாக இருப்பதெல்லாம் தங்கம் அன்று. பின்மூடியின் உட்புறத்தில் ‘18 கே’ அல்லது 750 என்று இருந்தால் 18 காரட். 585 என்றால் 14 காரட், 375 என்றால் 9 காரட். பழைய ஸ்விஸ் தங்கக் கூடுகளில் 18 காரட்டுக்கு ஒரு பெண்ணின் தலை உருவமும், 14 காரட்டுக்கு அணில் உருவமும் சிறிய முத்திரையாக இருக்கும்.

‘கோல்டு பிளேட்டட்’, ‘கோல்டு ஃபில்டு’, ‘20 மைக்ரான்’ என்ற சொற்கள் இருந்தால் அது மேற்பூச்சு அல்லது மேல்தகடு. 20 மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு. ‘ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பேக்’ என்று பின்னால் எழுதியிருந்தால், பின்மூடி மட்டும் எஃகு, மற்றக் கூடு பெரும்பாலும் முலாம் பூசிய மலிவு உலோகம். காதுகளின் ஓரத்தில் மஞ்சள் போய் வெள்ளை தெரிகிறதா என்று பார்த்தாலே விளங்கும்.

916 நகைக்குப் பழகியவர்கள் கணக்கில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 12 கிராம் எடையுள்ள 916 நகையில் ஏறக்குறைய 11 கிராம் தூய தங்கம் இருக்கும். அதே எடையுள்ள 18 காரட் கூட்டில் 9 கிராம்தான். இயந்திரத்தையும் கண்ணாடியையும் சேர்த்து எடை போட்டால் கணக்கே தப்பாகிவிடும்.

நகைக்கடை கொடுப்பது தங்கத்தின் விலை. அதற்குப் பிறகு கூடு உருக்கப்படும். நல்ல பெயருள்ள தங்கக் கடிகாரம் முழுதாக இருக்கும்போது தங்கத்தின் விலையைவிட அதிகம் பெறக்கூடும். எனவே எடைக்குப் போடுவது எல்லா வழியும் பார்த்த பிறகு எடுக்கும் முடிவாக இருக்க வேண்டும்.

ஒரே கடிகாரத்துக்குப் பல விலை

‘இது எவ்வளவு பெறும்?’ என்று கேட்பவர் எந்த விலையைக் கேட்கிறார் என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். கடைக்காரர் கண்ணாடிப் பேழையில் வைத்து விற்கும் விலை ஒன்று. அதே கடைக்காரர் வாங்கும் விலை இன்னொன்று. வாடகை, பழுதுபார்ப்பு, உத்தரவாதம், இலாபம் எல்லாவற்றையும் கழித்துத்தான் அவர் வாங்குவார். அடகுக்கடை மதிப்பு அதனினும் குறைவு. காப்புறுதிக்கு எழுதும் மதிப்பு, அதே போன்ற ஒன்றைத் திரும்ப வாங்க ஆகும் செலவு. அது எல்லாவற்றையும்விட அதிகமாக இருக்கலாம். கடையில் பார்த்த விலையை மனத்தில் வைத்துக்கொண்டு, வாங்க வந்தவரை ஏமாற்றுக்காரர் என்று நினைப்பதும் தவறு. அடகுக்கடை மதிப்பைக் கேட்டுவிட்டு இவ்வளவுதானா என்று கைவிடுவதும் தவறு.

இணையத்தில் விலை தேடும்போது, விற்பவர் கேட்கும் விலையையும் விற்று முடிந்த விலையையும் பிரித்துப் பார்க்க வேண்டும். யார் வேண்டுமானாலும் எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கலாம். ஏல நிறுவனங்கள் வெளியிடும் முடிவுகளும், விற்பனை முடிந்ததாகக் காட்டும் பதிவுகளும்தான் நம்பத்தக்கவை. அதிலும் பெயர் மட்டும் ஒத்தால் போதாது. மாடல் எண், இயந்திர எண், கூட்டின் உலோகம், முகப்பின் நிறம், நிலை ஆகிய எல்லாம் ஒத்திருக்க வேண்டும். இந்த வகையில் மூன்று நான்கு விற்பனைகளைக் கண்டுபிடித்தால் நியாயமான ஒரு வரம்பு கிடைக்கும்.

அதன் பிறகு, ஒருவருக்கொருவர் தொடர்பில்லாத குறைந்தது இரண்டு கடைகளில் கேட்க வேண்டும். முதலில் ‘இதைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்று கேட்பது நல்லது. என்ன விலைக்கு எடுப்பீர்கள் என்ற பேச்சு பிறகு வரட்டும். விலை சொல்பவரே வாங்குபவராகவும் இருக்கும்போது, அவர் சொல்லும் விலை அவருக்குச் சாதகமாக இருப்பது இயற்கை. இன்றே முடிவு சொல்ல வேண்டும் என்று நெருக்குபவரிடமிருந்து எழுந்து வந்துவிடலாம். ஐம்பது ஆண்டு காத்த கடிகாரத்துக்கு ஒரு வாரம் பெரிதில்லை.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். பெரும்பாலான வீட்டுக் கடிகாரங்கள் குடும்பத்தின் கடனை அடைக்கும் அளவுக்குப் பெறமாட்டா. மில்லியன் கணக்கில் ஏலம் போன செய்திகளைப் படித்துவிட்டு எதிர்பார்ப்பை ஏற்றிக்கொள்வதால் பின்னால் மனக்கசப்பே மிஞ்சும்.

அடகு வைக்கும் முன்

அவசரத்துக்குப் பணம் தேவைப்பட்டு அடகு வைப்பதானால், உரிமம் பெற்ற கடைக்கே போக வேண்டும். மலேசியாவில் 1972ஆம் ஆண்டு அடகுக்கடைச் சட்டத்தின்படி மாத வட்டி 2 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. மீட்கும் காலம் ஆறு மாதம். 1,000 வெள்ளி வாங்கினால் மாதம் 20 வெள்ளி, ஆறு மாதத்தில் 120 வெள்ளி வட்டி. சிங்கப்பூரில் வட்டி வரம்பு மாதம் 1.5 விழுக்காடு.

அடகுச் சீட்டில் ‘ஒரு கைக்கடிகாரம்’ என்று மட்டும் எழுதுவதை ஏற்கக் கூடாது. நிறுவனம், மாடல் எண், வரிசை எண் மூன்றையும் எழுதச் சொல்ல வேண்டும். கடையிலேயே படமும் எடுத்துக்கொள்ள வேண்டும். மீட்கும் நாளில் அதே கடிகாரம் திரும்பி வந்ததா என்று பார்க்க அதுவே வழி. தவணை தவறினால் கடிகாரம் கைவிட்டுப் போகும். திரும்பப் பெற நினைக்கும் பொருளானால், அந்தத் தேதியை வீட்டில் இன்னொருவரிடமும் சொல்லி வைப்பது நல்லது.

பழுதுபார்க்கக் கொடுப்பதற்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். கூட்டைத் தேய்க்க வேண்டாம், முகப்பைத் தொட வேண்டாம், மாற்றும் பழைய உறுப்புகளைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று மூன்று வரி ரசீதிலேயே எழுதி வாங்க வேண்டும்.

பெயர், ரசீது, புகைப்படம்

2017ல் நியூயார்க்கில் நடந்த ஏலத்தில் நடிகர் பால் நியூமேன் கட்டியிருந்த ரோலெக்ஸ் டேட்டோனா 17.7 மில்லியன் அமெரிக்க டாலருக்கு மேல் போனது. அதே மாடலின் மற்றக் கடிகாரங்கள் அந்த விலைக்கு அருகில்கூட வரவில்லை. அது அவர் கையில் இருந்தது என்பதற்குச் சான்று இருந்தது. பின்மூடியில் அவர் மனைவி பொறித்துத் தந்த வாசகமும் இருந்தது.

தோட்டத்துக் கிராணியின் கடிகாரத்துக்கு அந்த விலை வராது. ஆனால் சான்றின் வேலை இங்கேயும் அதுவே. பின்மூடியில் பொறித்த பெயரும் ஆண்டும், கடை ரசீது, அந்தக் கடிகாரத்தைக் கட்டியபடி எடுத்த கறுப்பு வெள்ளைக் கல்யாணப் புகைப்படம் ஆகிய மூன்றும் சேர்ந்தால், அது இந்தக் குடும்பத்தில் இத்தனை ஆண்டுகளாக இருக்கிறது என்பது நிறுவப்படுகிறது. வாங்குபவருக்கு அது நம்பிக்கை தரும். பொறித்த பெயர் பொதுவாக விற்பனை விலையைச் சற்றுக் குறைக்கும் என்பது உண்மை. அதற்காக அதைத் தேய்த்து அழித்தால், விலையும் ஏறாது, குடும்பத்தின் ஒரே எழுத்துச் சான்றும் போய்விடும். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, லயங்கள் இடிக்கப்பட்டு, பதிவேடுகள் எங்கே போயின என்று தெரியாத குடும்பங்களுக்குத் தோட்டத்தின் பெயர் பொறித்த பின்மூடி சிறிய சான்றன்று.

மூன்று பிள்ளைகள், ஒரு கடிகாரம்

கடிகாரமும் இறந்தவர் விட்டுச்சென்ற சொத்தில் சேர்ந்ததே. தீபகற்ப மலேசியாவில் முஸ்லிம் அல்லாதவர் உயில் எழுதாமல் இறந்தால், 1958ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டம் யாருக்கு எவ்வளவு என்று வகுத்திருக்கிறது. பெற்றோர் உயிரோடு இல்லாமல், மனைவியும் பிள்ளைகளும் இருந்தால், மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, பிள்ளைகள் எல்லாருக்குமாக மூன்றில் இரண்டு பங்கு. மகன், மகள் என்ற வேறுபாடு அதில் இல்லை. ‘ஆம்பிளைப் பிள்ளைதானே கட்டுவான்’ என்று அண்ணன் எடுத்துக்கொள்வதும், அப்பாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்ட தங்கை பேசாமல் இருந்துவிடுவதும் பல வீடுகளில் நடக்கிறது. சட்டம் அப்படிச் சொல்லவில்லை.

கடிகாரத்தைத் துண்டு போட முடியாது. விலை தெரியாத வரைக்கும் ஒவ்வொருவரும் தன் மனத்தில் ஒரு விலை வைத்திருப்பார்கள், சண்டை அங்கேதான் பிறக்கும். எல்லாருக்கும் தெரிய இரண்டு இடத்தில் மதிப்புக் கேட்டு, அதைத் தாளில் எழுதி, அம்மா உயிரோடு இருந்தால் அவர் முன்னிலையில் பேசினால் வழி பிறக்கும். ஒருவர் கடிகாரத்தை எடுத்துக்கொண்டு மற்றவர்களுக்கு வேறு பொருளிலோ பணத்திலோ ஈடு கட்டலாம். எல்லாரும் ஒப்பினால் விற்றுப் பிரிக்கலாம். பொதுவில் ஒருவர் பொறுப்பில் வைப்பதானால், யார் பொறுப்பு, விற்க யார் யார் சம்மதம் வேண்டும் என்பதை எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும்.

இவை எல்லாம் பெரியவர் மறைந்த பிறகு செய்யும் வேலைகள். அவர் இருக்கும்போதே செய்யக் கூடிய வேலை ஒன்று உண்டு. ஒரு தாளை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்து, எந்த ஊரில் எந்தக் கடையில் வாங்கியது, எந்த ஆண்டு, எத்தனை வெள்ளி, அப்போது மாதச் சம்பளம் எவ்வளவு, எங்கெங்கே பழுதுபார்க்கக் கொடுத்தது, யாருக்குக் கொடுக்க விருப்பம் என்று கேட்டு எழுதிக்கொள்ளலாம். அவர் கையெழுத்தையும் தேதியையும் வாங்கி, கடிகாரத்தைப் படம் எடுத்து, இரண்டையும் அதே டின்னில் போட்டு வைத்தால் போதும். அந்தத் தாள் உயிலுக்கு ஈடாகாது. ஆனாலும் பிறகு கடிகாரத்தைப் பார்க்கும் எந்த நிபுணரும் முதலில் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் அதில் இருக்கும்.